ஜில்லக்கா யாருக்குப் பதில் சொன்னாள்?

பேய் பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். பேயைவிடப் பயங்கரமான என்னை என் மனைவி மல்லிகா இருபது வருடமாக ஒரே வீட்டில் வைத்துச் சோறு போட்டுச் சமாளிக்கிறாள், அதைப் பார்த்த எங்கள் தெருவில் பேய்க்கு யாரும் பயப்படுவதில்லை. படிப்பு என்று பார்த்தால் ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன், மூன்றாவது முறை வாத்தியாரே கும்பிட்டு அனுப்பிவிட்டார். அதனால் இவன் கதை கட்டுகிறான் என்று நினைக்காதீர்கள், கட்டுவதற்கு வேண்டிய சரக்கு என்னிடம் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பாவிட்டால் கோபமில்லை, நானே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் நம்புகிறேன்.

என் பெயர் தங்கராசு, வாழைக்காய் லோடு இறக்குகிற வேலை. ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால், பைபாஸ் ஓரமாக எங்கள் முதலாளியின் ஷெட் இருக்கிறது. முசிறிப் பக்கத்திலிருந்து லாரியில் காய் வரும், சீப்பு சீப்பாக அறுத்துக் கழுவிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி, பழுக்க வைக்கிற ரூமுக்குள் கொண்டுபோய் ஏற்றவேண்டும். முன்பெல்லாம் புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைத்தார்கள், கண் எரியும், ராத்திரி முழுக்க இருமல் வரும். இப்போது எல்லாம் மிஷின். ரூம் என்றால் ஒரு பெரிய ஐஸ்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், லாரியையே உள்ளே நிறுத்தலாம், சுவரெல்லாம் மெத்தை மாதிரி தடிமன், கதவு தானாக நகர்ந்து வந்து மூடிக்கொள்ளும். மூடியதும் குளிர்காற்றும் பழுக்க வைக்கிற வாயுவும் தானாக வரும். ஒரு நாள் முழுக்க யாரும் கிட்டேயே போக வேண்டாம். முதலாளி வீட்டில் படுத்துக்கொண்டே போனில் ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது.

அந்த ரூமுக்கு ஒரு குரல் உண்டு, பெண் குரல். "கதவு மூடப்படுகிறது. தயவுசெய்து விலகி நிற்கவும்" என்று சொல்லும், கொஞ்சம் பொறுத்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கதவுக்கு மேலே இருக்கிற கண்ணாடிக் கண்ணால் ஒரு பார்வை பார்க்கும், "உள்ளே யாரும் இல்லை. நன்றி" என்று சொல்லிவிட்டு மூடும். முதல் நாள் அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம்.

என் கூட வேலை பார்க்கிற சேகர்தான் முதலில் வாயைத் திறந்தான். "அண்ணே, எம் பொண்டாட்டிகூட எனக்கு ஒரு நன்றி சொன்னதில்லண்ணே."

"நீ அவளுக்கு என்னத்தக் கிழிச்ச, நன்றி சொல்றதுக்கு?"

"இவளுக்கு மட்டும் என்னத்தக் கிழிச்சோம்?"

அது நியாயமான கேள்விதான். ஆனால் எங்களுக்கு அவளைப் பிடித்துப்போனது. ஏன் என்று நான் இப்போது நிறைய யோசிக்கிறேன், யோசித்துப் பழக்கமில்லாததால் தலைவலி வருகிறது. ஒரு நாள் தலையில் பெட்டியோடு வாசலிலேயே தடுக்கி விழுந்தேன், நகர்ந்து வந்த கதவு என் இடுப்பு எலும்பை எண்ணப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டால், சட்டென்று நின்றது, "மன்னிக்கவும்" என்றாள். அதே நேரத்தில் முதலாளி ஆபீஸ் ரூமிலிருந்து எட்டிப் பார்த்து என்ன கேட்டார் தெரியுமா, "பெட்டி ஒடஞ்சிருச்சாடா?" அவ்வளவுதான், அன்றைக்கே அவள் எங்கள் கட்சி என்று முடிவாகிவிட்டது. அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்கிறாள், நாம் போகிறவரை பொறுக்கிறாள், தப்பு என்றால் மன்னிப்புக் கேட்கிறாள். இந்த மூன்றையும் செய்கிற மனுஷனை நான் அந்த ஷெட்டில் பார்த்ததே இல்லை, என்னையும் சேர்த்து. ஜில்லக்கா என்று பெயர் வைத்தோம். காலையில் வந்ததும் "என்ன ஜில்லக்கா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையே ஆரம்பிப்போம்.

இப்படி இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. ஷெட்டைக் கழுவி, தோரணம் கட்டி, அறுக்கிற கத்தி, தராசு, லாரி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஆபீஸ் ரூமில் சாமி படத்துக்கு முன்னால் அவரவர் கருவியை வைத்தார்கள். நான் என் செல்போனை வைத்தேன்.

"போனு என்னடா உனக்கு ஆயுதம்?" என்றார் முதலாளி.

"எங்க வீட்டம்மா பேசுறது அதுலதாங்க முதலாளி. ஒரு நாளாச்சும் சாமி எடுத்துக் கேக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்கவேண்டும், அதனால் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு, பொரிகடலைப் பொட்டலத்தோடு முதலாளி ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினார். "நான் வீட்டுக்குப் போயி ஆன் பண்ணிக்கிறேன், நீ வெளிக்கேட்டப் பூட்டிட்டுப் போடா தங்கராசு. நாளைக்கு யாரும் வர வேணாம், லீவு" என்றார். சேகரும் மற்றவர்களும் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டார்கள். மணி இரண்டேகால் இருக்கும், வெளியே நல்ல வெயில்.

கேட்டைப் பூட்டப் போனவன் திரும்பிப் பார்த்தேன். எல்லா மிஷினும் பொட்டு வைத்துப் பளபளவென்று நிற்கிறது, ஜில்லக்கா மட்டும் வெறும் நெற்றியோடு இருக்கிறாள். மனசு கேட்கவில்லை. கிண்ணத்தில் மீதிச் சந்தனம் இருந்தது, எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நெற்றி எது என்று பார்த்தால், கதவுக்கு மேலே உள்பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு அந்தக் கண்ணாடி இருந்தது. ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, "காட்டுங்கக்கா" என்று கொழகொழவென்று அப்பி, நடுவில் குங்குமத்தை வைத்தேன். அம்மன் மாதிரி இருந்தாள். முதலாளி அதற்குள் வீடு சேர்ந்து போனைத் தட்டிவிட்டார் போல, "விலகி நிற்கவும்" என்று அவள் வழக்கம்போல ஆரம்பித்ததை நான் காதில் வாங்கவில்லை.

"உள்ளே யாரும் இல்லை. நன்றி" என்றாள்.

நான் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பெட்டி மேலே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், "யாருமில்லையாம்ல!" என்று சிரித்து முடிப்பதற்குள் கதவு மூடி லைட்டும் அணைந்துவிட்டது.

அப்புறம் சிரிக்கவில்லை.

இருட்டு என்றால் கையை மூக்குக்கு முன்னால் வைத்தால் தெரியாத இருட்டு. குளிர் வேறு, மேலே ஒரு பனியன், கீழே வேட்டி, தோளில் ஒரு துண்டு. முதலில் கதவைத் தட்டினேன், அது மெத்தைச் சுவர், அடித்தால் தலையணையை அடிக்கிற சத்தம்தான் வருகிறது. ஷெட்டுக்குள்ளேயே ஆள் நின்றாலும் கேட்காது, ஷெட்டில் ஆளே இல்லை. போன் ஆபீஸ் ரூமில் சாமியோடு பேசிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு லீவு. என் மனைவியோ பண்டிகை நாளில் நான் எங்கேயாவது சீட்டாடிக்கொண்டிருப்பேன் என்று நினைப்பாள், காரணம் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான் செய்தேன்.

உங்களுக்கு ஒன்று தெரியுமா, வாழைக்காயும் மூச்சு விடும். அறுத்த பிறகும் விடும். அடைத்த ரூமில் ஒரு லாரிக் காய் நல்ல காற்றைக் குடித்துவிட்டுக் கெட்ட காற்றை விடும், அதனால்தான் மறுநாள் திறந்தால் அரை மணி நேரம் காற்றாட விட்டபிறகே உள்ளே போகச் சொல்வார்கள். மிஷின் வந்த புதிதில் கம்பெனிக்காரர்கள் தலையில் அடித்தமாதிரி சொன்னார்கள், மூடின ரூமுக்குள் ஆள் இருந்தால் மயக்கம் வரும், வந்தால் எழுந்திருக்க மாட்டான் என்று. அதைக் கேட்டபோது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் இருட்டில் உட்கார்ந்தபோது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வந்தது.

இதற்கென்று பின்சுவரில் ஒரு பச்சை பட்டன் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டால் அதை அழுத்தவேண்டும், அழுத்தினால் வாயுவை வெளியே தள்ளிவிட்டுக் கதவைத் திறக்கும். பட்டனுக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு போட்டு, இங்கே பெட்டி அடுக்கக் கூடாது என்று எழுதியும் வைத்திருந்தார்கள். பண்டிகை லோடு அதிகம், இடம் போதவில்லை, கோட்டுக்கு மேலேயும் கூரைவரைக்கும் அடுக்கிவிடலாம் என்று அன்று காலையில் ஒரு மேதாவி யோசனை சொன்னான். அந்த மேதாவி யார் என்று நீங்கள் கேட்க வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். தடவிக்கொண்டே போய் முதல் பெட்டியை இழுத்துப் பார்த்தேன். மேலே ஒன்பது பெட்டி, பின்னால் எத்தனையோ வரிசை. ஒன்றை உருவினால் மொத்தமும் என் தலையில்தான் இறங்கும், வாழைக்காயில் சமாதியாவேன். விட்டுவிட்டேன்.

ரங்கா ரங்கா என்று ஆரம்பித்தேன். அவர் படுத்திருக்கிறவர், எழுந்து வர நேரமாகும் என்று சமயபுரத்தாளைக் கூப்பிட்டேன். கடைசியில்தான் தோன்றியது, பக்கத்திலேயே ஒருத்தி இருக்கிறாளே என்று.

"அக்கா! ஜில்லக்கா! நான்தான் தங்கராசு! உள்ள மாட்டிக்கிட்டேன், தொறந்து விடுங்கக்கா!"

தொண்டை கிழியக் கத்திவிட்டு நிறுத்தினேன். மூச்சு வாங்கியது. அப்புறம்,

"உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. தயவுசெய்து காத்திருக்கவும்" என்றாள்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, தரையில் விழுந்து கும்பிட்டேன், கல்யாணத்தன்றுகூட அப்படி விழுந்ததில்லை. மேலே விசிறி சுற்ற ஆரம்பித்தது, வெளிக்காற்று வந்தது, மூச்சு லேசானது. பார்த்தீர்களா, நம்ம அக்கா நம்மைக் கைவிடமாட்டாள் என்று கதவோரமாக உட்கார்ந்தேன். என்ன ஒரு இருபது நிமிஷம் இருக்கும், விசிறி நின்றது. டக்கென்று ஒரு சத்தம். எழுந்து நின்று வேட்டியெல்லாம் சரிசெய்துகொண்டேன், வெளியே போகும்போது மரியாதையாகப் போகவேண்டுமல்லவா.

"உள்ளே யாரும் இல்லை. நன்றி."

கதவு அசையவில்லை. விசிறி போய் மறுபடியும் பழைய குளிர்காற்று வந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னடி வெளையாடுறியா, நான் நிக்கிறது தெரியல?" என்று ஆரம்பித்து, வெளியே சொல்ல முடியாததையெல்லாம் கத்தினேன். கத்தி முடிக்கிறவரைக்கும் அவள் பேசவில்லை, குறுக்கே ஒரு வார்த்தை இல்லை. நான் நிறுத்தியதும்தான், அதே குரலில், அதே மரியாதையோடு, "உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. தயவுசெய்து காத்திருக்கவும்." மறுபடியும் விசிறி, மறுபடியும் காற்று, மறுபடியும் இருபது நிமிஷம், "உள்ளே யாரும் இல்லை. நன்றி."

மூன்றாவது முறை நான் கத்தவில்லை, அழுதேன். என் மகள் பெயரைச் சொல்லி, அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம் அக்கா, தை மாசம் கல்யாணம், நான் இல்லாவிட்டால் மேடையில் யார் நிற்பது என்று கெஞ்சி, மூக்கைச் சிந்தி, துண்டால் துடைத்தேன். துடைத்து முடித்ததும் "உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது" என்றாள். அந்த மூன்று தடவையும், நீங்கள் சிரித்தாலும் சரி, எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து என் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிற மாதிரியேதான் இருந்தது. கதவு திறக்கவில்லை, இருந்தும் அவளை எதிரி என்று நினைக்க முடியவில்லை. திட்டிய பிறகும் திருப்பித் திட்டாதவளை என்ன செய்வது? சொன்னால் கேட்கிறாள், முடியாமல் போகிறது, அவ்வளவுதான் என்று நானே அவளுக்கு வக்காலத்து வாங்கினேன்.

மூன்றாவது முறையும் "உள்ளே யாரும் இல்லை" வந்தபோதுதான் என் மண்டையில் அந்தச் சந்தனம் ஏறியது. யாரும் இல்லை என்று அவள் பொய் சொல்லவில்லை. அவள் கண்ணை அடைத்து வைத்தவன் நான். திறக்கும் முன்னால் ஒரு பார்வை பார்க்கிறாள், பார்த்தால் சந்தனம்தான் தெரிகிறது.

தவழ்ந்துபோய்க் கவிழ்த்த பெட்டியைத் தேடி, ஏறினேன். பல் அடித்துக்கொண்டது. சந்தனம் குளிரில் காய்ந்து ஓடு மாதிரி ஆகியிருந்தது. நகத்தால் சுரண்டி, எச்சில் தொட்டு, துண்டின் சுத்தமான முனையைத் தேடி, அப்படியொன்று இல்லாததால் வேட்டி முனையால் தேய்த்தேன். கண்ணாடி விரலுக்கு வழவழவென்று பட்டது. முகத்தை அதற்கு நேரே வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனிமேல் கேட்கவேண்டும், கத்தவேண்டும். தொண்டையில் குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. சரி, கொஞ்சம் எச்சில் ஊறட்டும், அப்புறம் கத்தலாம் என்று வாயை மூடினேன்.

"உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. தயவுசெய்து காத்திருக்கவும்" என்றாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. அப்போதே அது உறைத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நிலைமையில் என்ன தோன்றும், அக்காவுக்கு நம் மனசு தெரிகிறது என்று தோன்றியது, வாய் விட்டுக் கேட்கக்கூட வேண்டாம் என்று கண்ணில் தண்ணீர் வந்தது. இருபது நிமிஷமும் அந்தப் பெட்டி மேலேயே, கண்ணாடிக்கு நேரே மூஞ்சியைக் காட்டிக்கொண்டு நின்றேன். டக். கொஞ்சம் இடைவெளி.

"கதவு திறக்கப்படுகிறது."

வெயில் முகத்தில் அடித்தது. எப்படி இறங்கினேன், எப்படி ஓடினேன், தெரியாது. வெளியே வந்ததும் முதல் காரியமாகத் திரும்பி வெளிச்சுவரில் இருக்கிற கதவுப் பொத்தானை அடித்து மூடினேன். கதவு திறந்து கிடந்தால் குளிர் போயிடும், திறந்த கை மூடணும் என்று இரண்டு வருடமாக முதலாளி கத்திக் கத்தி எங்கள் கைக்கு வந்த பழக்கம் அது, உயிர் போகிற நேரத்திலும் கை அதன்பாட்டுக்குச் செய்தது. கேட்டைப் பூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். அங்கே கடிகாரத்தில் நாலரை. வெறும் இரண்டு மணி நேரம். நான் விடியப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

முதலாளிக்கு நான் சொல்லவில்லை, சந்தனம் என் வேலை, சொன்னால் என் தோலை உரித்துக் காயப்போடுவார். ஆனால் மறைக்க முடியவில்லை, ஏனென்றால் ரூமைத் திறந்தபோது ஒரு லோடு காயும் பச்சையாகவே இருந்தது, ஒன்றுகூட நிறம் மாறவில்லை. கம்பெனியிலிருந்து மெக்கானிக் வரவழைத்தார், மெர்சி மேடம் என்று துவாக்குடிப் பக்கத்திலிருந்து வருகிறவர், முப்பது வயசு இருக்கும், ஸ்பேனரை வைத்துக்கொண்டு அவர் நிற்கிற தோரணைக்கு நாங்களே ஒதுங்கி நிற்போம். கண்ணாடியில் குங்குமத் தீற்றலைப் பார்த்துவிட்டு "யாரு இந்த வேல பாத்தது?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அழுதுகொண்டே முழுதும் சொன்னேன். சொல்லும்போதே சேகர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"அக்காகிட்ட அழுதீங்களாண்ணே? எங்க, அந்த மூக்கு சிந்துனத இன்னொரு தடவ காட்டுங்க."

மெர்சி மேடம் சிரிக்கவில்லை. "அண்ணே, அதுக்குக் காது கிடையாதுண்ணே. மைக்கே வெக்கல. நீங்க கத்துனாலும் அழுதாலும் அதுக்குத் தெரியாது."

"பதில் சொல்லுச்சே மேடம்?"

"அந்தப் பச்ச பட்டன அழுத்துனா மட்டுந்தான் கோரிக்கை ஏற்கப்பட்டதுன்னு சொல்லும். அழுத்துனதும் வாயுவ வெளியேத்தும், அப்புறம் ஆள் இருக்காங்களான்னு பாக்கும். பெட்டி கிட்டி சாஞ்சு பட்டன் அமுங்கிட்டா சும்மா தொறந்துறக் கூடாதுல்ல, அதுக்காக. ஆள் தெரிஞ்சா தொறக்கும், இல்லன்னா விட்டுரும். நீங்க பட்டன அழுத்திருக்கீங்க, பயத்துல மறந்துட்டீங்க."

சேகர் சிரிப்பதை நிறுத்திவிட்டான், காரணம் அந்தப் பட்டனுக்கு முன்னால் கூரைவரைக்கும் அடுக்கியது நானும் அவனும்தான், அந்த அடுக்கு அப்போதும் ஒரு பெட்டி கலையாமல் அப்படியே நின்றது. எல்லோரும் சேர்ந்து இறக்கினோம். முக்கால் மணி நேரம் ஆனது. பட்டன் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது, அதைத் தூக்கிவிட்டுத்தான் அழுத்த முடியும். கடைசிப் பெட்டிக்கும் அதற்கும் நடுவில் நாலு விரல் இடம். பெட்டி எதுவும் சாயவில்லை.

"ஈரம் எறங்கி உள்ள ஷார்ட் சர்க்யூட் ஆயிருக்கும்" என்று மேடம் தன் லேப்டாப்பை மிஷினோடு மாட்டினார். மிஷின் செய்ததெல்லாம் அதில் நேரத்தோடு பதிவாகுமாம். படித்துக்கொண்டே போனார். "ரெண்டு அம்பதுக்கு மொத தடவ. அப்புறம் மூணு பன்னெண்டு. மூணு முப்பத்தஞ்சு. நாலு மணி. நாலு இருவதுக்குக் கதவு தொறந்திருக்கு, ஒடனே மூடிருக்கு. அது நீங்க." திரையை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார். "அப்புறமும் இருக்கே."

"என்ன இருக்கு?"

"நாலு இருவத்திரெண்டுக்கு ஒரு தடவ. அப்புறம் நாலு நாப்பத்திரெண்டு. அஞ்சு ரெண்டு." எண்ணினார். "பதினொரு தடவ."

முதலாளி அவசரமாக, "அதான் காய் பழுக்கல. வாயு உள்ள போகப்போக வெளிய தள்ளிட்டே இருந்திருக்கு. ஷார்ட்டுதான மேடம்?" என்றார்.

"ஷார்ட்டுன்னா கன்னாபின்னான்னு வரும் சார். இது ஒவ்வொரு தடவையும் அது முழுசா பதில் சொல்லி முடிச்ச பெறகுதான் அடுத்தது வருது. நடுவுல ஒண்ணுகூட இல்ல." என்று சொல்லிவிட்டு மேடம் வேலையில் இறங்கினார். ஸ்விட்சைக் கழற்றிப் புதிது மாட்டினார், பட்டனோடு கையால் இழுத்தால் திறக்கிற கம்பி ஒன்றும் போட்டுக்கொடுத்தார். பழைய ஸ்விட்சைக் காய்ந்த துணியில் துடைத்துப் பார்த்தார், ஈரம் இல்லை, என்னிடம் காட்டாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். காட்டவில்லை என்றாலும் நான் பார்த்தேன்.

முதலாளியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், இங்கே முன்னால் யாராவது செத்திருக்கிறார்களா என்று. "போடா கூறுகெட்டவனே, வெறும் வயக்காட்டுல நானே கட்டுனது, ஒரு எலிகூடச் சாவல" என்றார். விசாரித்தும் பார்த்துவிட்டேன், உண்மைதான். ஒரு பேய்க்கதைக்கு வேண்டிய சாதாரண சாவுகூட அந்த இடத்தில் இல்லை. யாரென்று எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, எப்போது உள்ளே வந்தது, எதுவும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பட்டன் எனக்கு எட்டவில்லை, கண்ணாடியில் தெரியத்தான் என்னால் முடிந்தது. அழுத்தியவருக்குப் பட்டன் எட்டியது, கண்ணாடியில் தெரிய முடியவில்லை. நான் கத்தி முடிக்கிறவரை பொறுத்து, அழுது முடிக்கிறவரை பொறுத்து, எனக்காக நாலு முறை கேட்டது ஜில்லக்கா இல்லை. கதவு திறந்தது எங்கள் இருவருக்கும். ஒருத்தன் மட்டும் ஓடிவந்து சாத்திவிட்டான்.

பதினொன்றாவது தடவை எத்தனை மணிக்கு என்று மேடத்திடம் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. ஏழு நாற்பத்திரண்டு. எட்டு இரண்டுக்கு மிஷின் யாரும் இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறது, அதற்குப் பிறகு பட்டனை யாரும் அழுத்தவில்லை. அன்று ராத்திரி எட்டு மணிக்கு நான் என் வீட்டு வாசலில் பொரிகடலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மல்லிகா, என் மகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சுற்றி இருந்தார்கள். இடுப்பில் கையை வைத்து, கழுத்தைச் சாய்த்து, ஜில்லக்கா மாதிரி குரலை மெலிதாக்கி, "உள்ளே யாரும் இல்லை, நன்றி" என்று நான் நடித்துக் காட்டினேன். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டார்கள், நானும் சொன்னேன்.